கொசுறு

"இன்னும் ஒரே ஒரு தப்பு. அதோட உன் தம்பி மூட்டையைக் கட்டிக்கிட்டுக் கெளம்பணும்" என்று அல்சிதெஸ் சொல்லிவிட்டான்.  நோரிஸ் என்னவென்று மறுப்பாள்? புருஷன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே.

போன வாரம் நடந்ததைக் கேளுங்கள். டாக்டர் ஒருவரின் கறுப்புக் கார் கழுவ வந்தது. உச்சி வெயிலில் அதன் மேல் முழுக்கச் சோப்பு நுரையைப் பூசிவிட்டு, தம்பிக்காரன் டெய்விஸ் தெருமுனைக் கடையில் கால்பந்து பார்க்கப் போய்விட்டான். பாரங்கீயா ஊர் வெயில் யாருக்காகவாவது காத்திருக்குமா? நுரை அப்படியே காய்ந்து, தேமல் பிடித்த மாதிரி வண்டி முழுக்க வெள்ளைத் திட்டு. அல்சிதெஸ் அரை நாள் பாலிஷ் மெஷினைப் பிடித்துத் தேய்த்துத்தான் அதை எடுத்தான். அதற்கு முந்தின வாரம் தரையில் விழுந்த துணியை உதறிவிட்டு அதாலேயே கதவைத் துடைத்திருக்கிறான். துணியில் ஒட்டிய மணல் கதவு முழுக்கக் கோலம் போட்டுவிட்டது. இந்தத் தொழிலில் தரையில் விழுந்த துணி செத்த துணி. வண்டி கழுவ வந்த முதல் நாளே சொல்லிக் கொடுப்பது அதைத்தான்.

டெய்விஸுக்கு முப்பத்து நாலு வயது. பஸ்ஸில் கண்டக்டர், மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றும் வேலை, துறைமுகத்தில் மூட்டை தூக்குவது, எதிலும் நிலைத்ததில்லை. கடைசியில் எல்லை தாண்டிப் பெட்ரோல் கடத்தும் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டான். அந்தக் கூட்டத்தில் அவனோடு ஒரே அறையில் படுத்தவனைச் சுட்டுப் போட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்றைக்கே நோரிஸ் பஸ் ஏறிப் போய், தம்பியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். இப்போது கடையின் பின்பக்கத்தில் தூளி மாதிரி ஒரு ஹம்மக்கைக் கட்டி அதில்தான் படுக்கிறான். இங்கிருந்து கிளம்பினால் அவனுக்குப் போக வேறு இடமில்லை. அந்தக் கடத்தல் கூட்டத்துக்குத்தான் திரும்பிப் போவான். 

கடை என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். வீட்டு முன்னால் தகரக் கூரை, இரண்டு வண்டி நிற்க இடம், 'பளபளா' என்று அல்சிதெஸ் தன் கையால் எழுதிய பலகை, அவ்வளவுதான். மெஷின் அல்சிதெஸின் கையில். இருக்கை, தரைவிரிப்பு, கண்ணாடி எல்லாம் நோரிஸ். துணிகளைத் தோய்ப்பது அல்சிதெஸின் அக்கா நூபியா. தோய்க்கும் கையைவிட அவள் வாய்தான் அதிகம் வேலை செய்யும்.

"உன் தம்பி தூங்காத நேரத்துல அந்த ஹம்மக்கையாவது கழட்டிக் குடேன், தோய்ச்சுத் தர்றேன். ஆனா அவன் எறங்கினாத்தானே!" என்பாள்.

"எறங்கிட்டேன், தோய்ங்க" என்று டெய்விஸ் படுத்தபடியே சொல்வான். கோபமே வராத பிறவி அது. அதுதான் அல்சிதெஸுக்கு இன்னும் எரிச்சல்.

வெள்ளிக்கிழமை லிபியா டீச்சர் தன் சின்னச் சாம்பல் நிற வண்டியைக் கொண்டுவந்தாள். பேட்டையில் பாதிப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள். போன வருஷ மழைக்காலத்தில் அவளுடைய ஒரே மகள் மாய்ரா டெங்குவில் போய்விட்டாள். ஒன்பது வயது. பள்ளிக்கூடமே சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்ததை நோரிஸ் பார்த்திருக்கிறாள்.

"ஞாயித்துக்கிழமை மாய்ராவுக்கு வருஷப் பூசை நோரிஸ். அவ அப்பா வீட்டு ஆளுங்க எல்லாம் வர்றாங்க. பூவெல்லாம் இந்த வண்டியிலதான் போகணும். சனிக்கிழமையானா அவளே வாளியைத் தூக்கிட்டு வந்து இதைக் கழுவுவா. அழுக்கா இருந்தா அவளுக்குப் பிடிக்காது."

"விடுங்க டீச்சர். முகம் பார்க்கிற மாதிரி பண்ணித் தர்றோம்."

"வெளிய மட்டும்" என்று டீச்சர் நோரிஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உள்ள யாரும் கை வைக்கக் கூடாது. தூசி இருந்தா இருக்கட்டும்."

நோரிஸ் அவள் முகத்தைப் பார்த்தாள். டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"மழை நாள்ல ஏசி போடாம கண்ணாடிய ஏத்திவிட்டு உக்காந்தா, உள்ள ஆவி படியுதில்ல? அப்போ அவ விரலால வரைஞ்சது மேல வரும். முன்கண்ணாடியில, அவ உக்கார்ற பக்கத்துல. மீசை வெச்ச ஒரு பூனை, ஒரு சூரியன். ஆவி போனா அதுவும் போயிடும். மறுபடி மழை பேஞ்சா மறுபடி வரும். நான் சில நாள் பள்ளிக்கூடத்து வாசல்ல வண்டிய நிறுத்திட்டு மூச்சு விட்டுக்கிட்டே உக்காந்திருப்பேன். பைத்தியம்னு நினைக்காதே."

 விரல் பட்ட இடத்தில் பிசுக்குத் தங்கிவிடும், ஆவி படியும்போது அந்த இடம் மட்டும் தனியாகத் தெரியும், அவளுக்குத் தெரியாததா? அவள் தொழிலில் அதற்குப் பெயர் அழுக்கு. எத்தனை பிள்ளைகளின் பூனையையும் சூரியனையும் இந்தக் கையால் வழித்து எறிந்திருக்கிறாளோ! "சத்தியமா யாரும் தொட மாட்டாங்க டீச்சர்" என்றாள்.

மறுநாள் வடக்குப் பக்கம் ஒரு பணக்கார வீட்டில் இரண்டு வண்டி. அல்சிதெஸும் நோரிஸும் மெஷினோடு அங்கே போயாக வேண்டும். டீச்சர் வண்டியை டெய்விஸிடம் விட்டுப் போவதைத் தவிர வேறு வழியில்லை. பழைய சின்ன மெஷின் ஒன்று வீட்டில் இருந்தது.

"டீச்சர் வண்டி, நீ தனியா பண்ணணும். வெளிய மட்டும்தான். நிழல்ல பண்ணு. துணி விழுந்தா எடுக்காதே" என்று நோரிஸ் சொன்னாள்.

"சரிக்கா."

பூனையையும் சூரியனையும் பற்றிச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். சொல்ல ஆரம்பித்தால் அழுகை வரும், பக்கத்தில் நூபியா வேறு காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். அதோடு, இவனிடமா சொல்ல வேண்டும்? உள்ளே துடை என்று தொண்டை கிழியக் கத்தினாலும் துடைக்காதவன், சொல்லாமலா துடைக்கப் போகிறான்? வெளி வேலையை முடித்தானானால் அதுவே பெரிய காரியம். இப்படி நினைத்துக்கொண்டு வேனில் ஏறிவிட்டாள்.

அவர்கள் திரும்பி வந்தபோது பிற்பகல், வானம் கறுத்துக்கொண்டு வந்தது. தகரக் கூரைக்குக் கீழே நின்ற வண்டியைப் பார்த்ததும் அல்சிதெஸ் வேனை விட்டு இறங்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"இது அந்த வண்டிதானா?"

சும்மா சொல்லக் கூடாது, வண்டி அப்படி இருந்தது. அல்சிதெஸ் கைவிளக்கை எடுத்துவந்து பானட்டின் மேல் சாய்த்துப் பிடித்து, ஒவ்வொரு கதவாகப் பார்த்தான். குற்றம் கண்டுபிடிக்கத்தான் பார்த்தான். துடைத்த சுழிக்கீறல் ஒன்றுகூட இல்லை. கதவுக் கைப்பிடிக்குக் கீழே நகம் கீறிய இடம்கூட மறைந்திருந்தது.

"காலையில இருந்து குனிஞ்ச தலை நிமிரலே. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் வரல. எனக்கே பயமாப் போச்சு, யாராவது செய்வினை வெச்சுட்டாங்களோன்னு" என்றாள் நூபியா.

அல்சிதெஸ் விளக்கை அணைத்தான். "மச்சான், இன்னிக்குத்தான்டா நீ வேலைக்காரன்" என்று டெய்விஸின் தோளில் தட்டினான். "இனிமே உனக்கு நானே மெஷின் சொல்லித் தர்றேன். நீ எங்கேயும் போக வேண்டாம்."

நோரிஸுக்கு மார்பிலிருந்து ஒரு கல் இறங்கியது. தம்பியைக் கட்டிக்கொள்ளப் போனாள். அவன் சிரித்துக்கொண்டே கையைக் காட்டி நிறுத்தினான்.

"இரு அக்கா, இன்னும் பாக்கி இருக்கு. கொசுறு பாரு."

பாரங்கீயாவில் கொசுறு இல்லாமல் எந்த வியாபாரமும் முடியாது. பேக்கரிக்காரன் ஒரு குட்டி ரொட்டியைச் சேர்த்துப் போடுவான், மீன்காரி ஒரு சின்ன மீனை எறிவாள். போடாத கடைக்கு இரண்டாம் தடவை யாரும் போக மாட்டார்கள். 'பளபளா'வில் அந்தக் கொசுறு எப்போதும் நோரிஸ் கொடுப்பது. கேட்காமலே ஒரு தரைவிரிப்பை அலசிப் போடுவாள், இருக்கை இடுக்கில் கிடக்கும் பிஸ்கட் தூளை எடுப்பாள். டெய்விஸ் இதுவரை யாருக்கும் எதையும் கேட்காமல் கொடுத்ததில்லை.

அவன் டீச்சர் வண்டியின் கதவைத் திறந்தான். உள்ளேயிருந்து சுத்தத் திரவத்தின் எலுமிச்சை வாசனை குப்பென்று வந்தது.

"மொத்தமா பண்ணிட்டேன். சீட்டு, டேஷ்போர்டு, கண்ணாடி எல்லாம். பாவம் டீச்சர், பிள்ளைய பறிகொடுத்தவங்க, நாளைக்கு நாலு பேர் ஏறுற வண்டி. கண்ணாடியில ஊதிப் பார்த்தா ஒரே கிறுக்கல்க்கா! நீ பண்ணுவியே, அதே மாதிரி ஆல்கஹால் தண்ணி போட்டு மூணு தடவ தொடச்சேன். இப்போ ஊதிப் பாரு, ஒண்ணுமே இருக்காது."

நோரிஸ் ஊதிப் பார்த்தாள். கண்ணாடி ஒரே சீராக வெளுத்தது, ஒரே சீராகத் தெளிந்தது. அவள் வேலையில் இதைவிடச் சுத்தமான கண்ணாடியை அவள் பார்த்ததில்லை. கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னக்கா, நல்லா இல்லையா?"

"நல்லா இருக்குடா" என்றாள். வேறென்ன சொல்வாள்! அல்சிதெஸ் அதற்குள் இரண்டு பீர் பாட்டிலை எடுத்து வந்து ஒன்றை மச்சான் கையில் கொடுத்துக்கொண்டிருந்தான். இத்தனை நாளில் முதல் தடவை. சொல்ல வேண்டும், டீச்சர் வருவதற்குள் சொல்லியாக வேண்டும். சொன்னால் அந்தப் பீர் பாட்டில் என்ன ஆகும், அந்தச் சிரிப்பு என்ன ஆகும்? துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

டீச்சர் வந்தபோது தூறல் ஆரம்பித்திருந்தது. வண்டியைப் பார்த்ததும் வாயில் கை வைத்துக்கொண்டாள். "மாய்ரா பார்த்திருந்தா குதிச்சிருப்பா" என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். திறந்தவள் அசையவில்லை. வாசனை அவளுக்கும் சொல்லிவிட்டது.

உள்ளே ஏறி, கதவைச் சாத்தி, பக்கத்து இருக்கைப் பக்கம் சாய்ந்து முன்கண்ணாடியில் ஊதினாள். கொஞ்சம் தள்ளி மறுபடி ஊதினாள். நான்கு பேரும் தகரத்துக்குக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஊதிக்கொண்டே இருந்தாள். மூச்சு வாங்கியது தெரிந்தது.

கடைசியில் இறங்கினாள். கத்துவாள் என்று நோரிஸ் நினைத்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கையைப் பிடிச்சு சொன்னேனே நோரிஸ்" என்றாள் டீச்சர். "உங்கிட்ட சொன்னேனே."

"என்ன சொன்னீங்க டீச்சர்?" என்று அல்சிதெஸ் கேட்டான். டீச்சர் சொன்னாள். பூனை, சூரியன், மழை எல்லாவற்றையும், வகுப்பில் பாடம் சொல்லும் குரலிலேயே சொன்னாள். நூபியா மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். டெய்விஸ் கையிலிருந்த பாட்டிலை மெதுவாகத் தரையில் வைத்தான்.

அல்சிதெஸ் பெண்டாட்டியின் பக்கம் திரும்பினான். "உனக்குத் தெரியுமா?"

அவள் வாய் திறக்குமுன் டெய்விஸ் முன்னால் வந்தான். "அக்கா எங்கிட்ட சொன்னா மச்சான். உள்ள படம் இருக்கு, தொடாதேன்னு தெளிவா சொன்னா. நான்தான் மறந்துட்டேன்."

"மறந்துட்டியா!" என்றான் அல்சிதெஸ். அவன் முகம் பழையபடி இறுகிப் போனது. "பார்த்தியா நோரிஸ்? பார்த்தியா? நான் அன்னிக்கே என்ன சொன்னேன்?"

இங்கேதான் நோரிஸ் செய்ததை மறைக்க முடியாது.  தம்பி சொன்ன பொய்யில் அவளுக்கு ஒதுங்க இடம் இருந்தது, அதில் ஒரு கணம் ஒதுங்கி நின்றாள். மழை தகரத்தில் வலுத்தது. டெய்விஸ் அவளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். திட்டு வாங்கிப் பழகியவன் நிற்கிற நிற்பு அது. அதைப் பார்க்கத்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"பொய் சொல்றான்" என்றாள். "படத்தைப் பத்தி நான் அவங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. டீச்சர் எங்கிட்ட சொன்னாங்க, நான் சத்தியம் பண்ணினேன், இவன்கிட்ட சொல்லாம போயிட்டேன். யாராவது மூட்டை கட்டணும்னா நான்தான் கட்டணும்."

அல்சிதெஸ் தன் பாட்டிலையும் கீழே வைத்தான். 

டீச்சர் இவர்கள் வீட்டுச் சண்டையைக் கேட்டதாகவே தெரியவில்லை. அவள் டெய்விஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொடைக்கிறதுக்கு முன்னாடி ஊதிப் பார்த்தியா?"

"பார்த்தேன் டீச்சர்."

"பூனைய பார்த்தியா?"

"பார்த்தேன். மீசை ஒரு பக்கம் மூணு, ஒரு பக்கம் நாலு." அவன் வண்டியின் பின்பக்கம் கையைக் காட்டினான். "பின்னாடி கண்ணாடியிலயும் இருந்துச்சு."

"பின்னாடியா?"

"பின்சீட்டுக் கதவுக் கண்ணாடியில. உங்க சீட்டுக்கு நேர் பின்னாடி."

டீச்சர் கதவைப் பற்றிக்கொண்டாள். "அவ போனதுக்கப்புறம் நான் பின்சீட்டுல ஏறவே இல்ல" என்றாள். "அங்க என்ன இருந்துச்சு? எனக்குத் தெரியாதே. அங்க என்ன இருந்துச்சு?"

"ரெண்டு ஆளு. ஒரு பெரிய ஆளு, ஒரு குட்டி ஆளு. பெரிய ஆளுக்குக் கொண்டை, வாய் மட்டும் இவ்வளவு பெருசு. குட்டி ஆளு ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு நிக்குது."

டீச்சரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று நோரிஸுக்குப் புரியவில்லை. இரண்டும்தான். "நான்தான்" என்றாள் டீச்சர். "தினமும் காலையில கத்துவேன். லேட்டாச்சு, ஷூ எங்க, தலைய ஏன் சீவலன்னு வழி பூரா கத்திக்கிட்டே ஓட்டுவேன். கோவிச்சுக்கிட்டு எனக்குப் பின்னாடி போய் உக்காந்து, கழுத, என்னையவா வரைஞ்சிருக்கா!"

அவள் பின்கதவைத் திறந்து ஏறினாள். "நீயும் வா" என்று டெய்விஸைக் கூப்பிட்டாள். "எந்த இடம்னு காட்டு. கண்ணாடியத் தொடாதே."

அவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபக்கம் ஏறினான். கதவுகளைச் சாத்தினார்கள். இருவர் மூச்சிலும் கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. வெளியிலிருந்து பார்த்த நோரிஸுக்கு, கண்ணாடியிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி, காற்றில், தம்பியின் விரல் மெதுவாக நகர்வது மட்டும் தெரிந்தது. கொண்டை போட்டான், பெரிய வாய் போட்டான், குட்டி ஆளின் இரண்டு கைகளையும் காதுவரை கொண்டுபோனான். அந்த வண்டியில் இருந்த முழுப் படத்தையும் உலகத்தில் பார்த்த ஒரே ஆள் அதை அழித்தவன்தான். அந்த நினைப்பு அவளைச் சுட்டது.

"டீச்சர், தண்ணி வருது! இப்போ போகலேன்னா போக முடியாது!" என்று அல்சிதெஸ் கத்தினான். பெருமழை பெய்தால் அந்தத் தெரு ஆறாகிவிடும், வண்டிகளையே உருட்டிக்கொண்டு போகும். டீச்சர் முன்னால் மாறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள். போகும்போது நோரிஸைப் பார்க்கவில்லை. அது வேண்டுமென்றே செய்தது இல்லை என்று நூபியா அப்புறம் ஆறுதல் சொன்னாள். வேண்டுமென்றே செய்ததுதான்.

வண்டிக்கு வழிகாட்ட இறங்கிய டெய்விஸ் நனைந்து நின்றான். பிறகு கேட்டான்.

"ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நூபியா பக்கத்தில் இருந்தாள் என்று சொல்லியிருக்கலாம், அதிலும் பாதி உண்மை உண்டு. இன்றைக்குப் பொய் போதும் என்றிருந்தது அவளுக்கு.

"சொன்னதுக்கு மேல நீ ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டேன்னு நெனச்சேன்டா. அதான் சொல்லல."

அவன் தலையை ஆட்டினான். கோபம் வரவில்லை, அப்போதும் வரவில்லை. "சரியாத்தான் நெனச்சிருக்க" என்றான். "நேத்து வரைக்கும்."

பின்பக்கம் போய் ஹம்மக்கை அவிழ்த்துச் சுருட்டினான். "எங்கடா போற, நான் ஒண்ணும் சொல்லலையே" என்று அல்சிதெஸ் சங்கடத்தோடு சொன்னான். அவன் சுருட்டலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்பக்கம் வந்தான். வந்தவன் நின்றுவிட்டான். தெரு இல்லை. பலகை, டயர், யார் வீட்டு நாற்காலியோ எல்லாம் மிதந்து போகும் பழுப்பு வெள்ளம் படியைத் தொட்டு ஓடியது. இந்த ஊரில் மழைத் தண்ணீர் வடியும்வரை யாரும் எங்கேயும் போக முடியாது, கோபித்துக்கொண்டாலும் போக முடியாது.

அவன் படியில் உட்கார்ந்தான். நோரிஸ் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மன்னிச்சிடு என்று சொல்ல நினைத்தாள், அது அவள் வாயில் பழகாத சொல், வரவில்லை. தண்ணீர் ஒரு படி ஏறியது. இது வடிகிறவரைதான் அவன் இருப்பான், அது ரொம்ப நேரம் இல்லை.

"கைப்பிடிக்குக் கீழ ஒரு நகக்கீறல் இருந்துச்சே" என்றாள். "உன் மச்சானே அதெல்லாம் போகாதுன்னு விட்டுடுவாரு. அதை எப்படிடா எடுத்த?"

இத்தனை வருஷத்தில் அவள் அவனிடம் ஒரு வேலையைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. டெய்விஸ் வெள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்ல மாட்டான் என்றுதான் அவள் நினைத்தாள்.

"மெஷின் போடல" என்றான் அவன். "கையாலதான் தேய்ச்சேன்."